சம்பளப் பணத்தில் ஓவியம் சேகரிக்க ஆசை: எங்கே ஆரம்பிப்பது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். மாதச் சம்பளத்தில் வாழ்கிறீர்கள், ஓவியங்கள் பிடிக்கும், முறையாகப் படித்ததில்லை, சொந்தமாக ஒரு சேகரிப்பை ஆரம்பிக்க ஆசை. எவ்வளவு பணம் வேண்டும், எங்கே வாங்குவது, பிற்பாடு விலை ஏறுமா என்று மூன்று கேள்விகள். போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: கேலரிக்குள் நுழையவே தயக்கமாக இருக்கிறது, எனக்குப் பிடித்தது நல்ல படைப்புதானா என்று எப்படித் தெரியும்? உங்களை உண்மையில் உறுத்துவது இந்தக் கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். என் கண்ணை நான் நம்பலாமா, தெரியாத துறையில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற மூன்றும் தானாக வழிக்கு வரும். அதனால் அதைச் சுற்றியே எழுதுகிறேன்.

அச்சோவியத்தில் பயிற்சி பெற்று, பிறகு காகிதத்தில் செய்த படைப்புகளைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலைக்கு வந்தவன் நான். வருடக்கணக்காக மற்றவர்களின் சேகரிப்புகள் என் மேசைக்கு வந்து போகின்றன. படைப்பைப் படச்சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அன்றாடம் கிடைக்கிறது. யார் யோசித்து வாங்கினார்கள், யார் அவசரப்பட்டார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். காகிதம், அச்சு, சட்டம், வெளிச்சம், ஈரம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் உறுதியாகச் சொல்வது. சந்தை விலை பற்றிச் சொல்வது பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்து. பழங்காலச் சிற்பம், செப்புத் திருமேனி, தொல்பொருள் ஆகியவை என் துறையே இல்லை. அதில் நான் தரும் ஒரே ஆலோசனை எச்சரிக்கைதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பணம். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு தொகை சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு தம்பதியின் கதை இருக்கிறது. நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல் தபால் துறை ஊழியர், அவர் மனைவி டோரதி வோகல் நூலகர். 1962-ல் திருமணம் ஆனது. டோரதியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார்கள், ஹெர்பர்ட்டின் சம்பளத்தை அப்படியே கலைக்கு ஒதுக்கினார்கள். அவர்கள் வைத்திருந்த விதிகள் எளிமையானவை: விலை கையிருப்புக்குள் இருக்க வேண்டும், படைப்பு தங்கள் ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்புக்குள் அடங்க வேண்டும். இப்படியே வாங்கி 4,000-க்கும் மேற்பட்ட படைப்புகளைச் சேர்த்தார்கள். 1992-ல் அந்தச் சேகரிப்பு வாஷிங்டனில் உள்ள நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டுக்குப் போனது. 2008-ல் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மாநிலத்துக்கு ஓர் அருங்காட்சியகத்துக்கு 50 படைப்புகள் வீதம் பகிர்ந்து கொடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தபால்காரர் கோடிக்கணக்கான மதிப்புள்ள ஓவியம் சேர்த்தார் என்று வியப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது அவர்களின் பழக்கத்தை. அவர்கள் வாங்கியதைவிடப் பார்த்தது பல மடங்கு. பெயர் தெரியாத இளம் கலைஞர்களின் பட்டறைகளுக்கே போய், ஒருவர் செய்துகொண்டிருந்த அத்தனை வேலைகளையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய ஓவியம் வாங்க வழியில்லாதபோது அதே கலைஞரின் கோட்டோவியங்களை, ஆயத்த வரைவுகளை வாங்கினார்கள். அவர்கள் காலத்தில், அவர்கள் ஊரில், பிற்காலத்தில் புகழ்பெறப்போகும் அத்தனை பேர் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது அதிர்ஷ்டம். அதை யாரும் திரும்பச் செய்ய முடியாது. பார்ப்பதையும் கேட்பதையும், சிறியதை வாங்குவதையும் யாரும் செய்யலாம்.

இன்னொரு உதாரணம் டச்சு ஓவியர் வான் கோ. தம்பி அனுப்பும் பணத்தில் வாழ்ந்தவர் 1886-87 குளிர்காலத்தில் பாரிஸில் ஒரு வியாபாரியிடம் 600-க்கும் மேற்பட்ட ஜப்பானிய மர அச்சுப் படங்களை வாங்கினார். அன்றைக்கு அவை மலிவாகக் குவிந்து கிடந்தவை. விற்று லாபம் பார்க்கலாம் என்றுகூட நினைத்திருந்தார், காட்சிக்கு வைத்தும் பார்த்தார், விற்கவில்லை. ஆனால் அவற்றைச் சுவரில் மாட்டிப் பார்த்துப் பார்த்து, ஜப்பானிய அச்சோவியர் ஹிரோஷிகேயின் படங்களைத் தைல வண்ணத்தில் படி எடுத்து, தன் ஓவியத்தின் நிறத்தையும் கோணத்தையும் மாற்றிக்கொண்டார். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி இன்று ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றவர்கள் மதிக்காத மலிவான ஒரு வகையை ஒருவர் மனதாரப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இனி உங்கள் கண்ணைப் பற்றி. முதல் சில மாதங்கள் எதையும் வாங்காதீர்கள். வாங்கும் எண்ணத்தோடு, ஆனால் வாங்காமல், பாருங்கள். அருங்காட்சியகம், கேலரி, கலைக் கல்லூரிக் கண்காட்சி எதுவானாலும் சரி. அறைக்குள் நுழைந்ததும் பெயர்ச்சீட்டைப் படிக்காமல் ஒரு சுற்று வாருங்கள். எது உங்களை நிறுத்துகிறதோ அதன் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஐந்து நிமிடம் என்பது சொல்லும்போது சிறியது, நின்று பார்த்தால் நீளமானது. முதல் நிமிடத்தில் இது என்ன படம் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது கண்ணில் படத் தொடங்கும்: எந்த இடத்தில் தூரிகை தயங்கியிருக்கிறது, எங்கே காகிதத்தை வெறுமனே விட்டிருக்கிறார், எந்த ஓரத்தில் அலுத்துப்போய் நிரப்பியிருக்கிறார் என்று. பிறகு பெயர்ச்சீட்டைப் படியுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, நோட்டைத் திறக்காமல், எது நினைவில் நிற்கிறது என்று பாருங்கள்.

இதைச் சில மாதம் செய்தால் ஒரு விஷயம் பிடிபடும். அறைக்குள் முதலில் இழுத்ததும் ஒரு வாரம் கழித்து மனதில் நிற்பதும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். பெரிய அளவு, பளிச்சென்ற நிறம், ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயர் இவை முதலில் இழுக்கும். மனதில் தங்குவது சில சமயம் மூலையில் இருந்த ஒரு சின்னக் கோட்டோவியமாக இருக்கும். இந்த இடைவெளிதான் உங்கள் ரசனை. அது சரியா தப்பா என்று யாரும் சான்றிதழ் தர முடியாது, ஆனால் அது பழகும், கூர்மையாகும். நூறு நல்ல நீர்வண்ணங்களைப் பார்த்தவர் நூற்றோராவதைப் பார்க்கும்போது எது தேர்ந்த கை, எது பழகிப்போன வித்தை என்று அவர் கண் தானே பிரித்துவிடும். பிடித்திருப்பது ஒன்று, தரம் மற்றொன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தரமானது என்று தெரிந்தும் பிடிக்காமல் போகலாம். பிடித்திருந்தும் கை தேர்ந்தது இல்லை என்று தெரியலாம். இரண்டும் சேரும் இடத்தில் வாங்குங்கள்.

ஒரு கருப்பொருளைத் தீர்மானித்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பார்த்த நல்ல சேகரிப்புகளில் அந்த இழை பின்னால்தான் தெரிய வந்திருக்கிறது. ஏழெட்டுப் படைப்புகள் சேர்ந்த பிறகு ஒன்றாக வைத்துப் பார்த்தால், மனிதர்களே இல்லாத படங்களை வாங்கியிருக்கிறேனே, கறுப்பு மையில் செய்தவையே என்னிடம் அதிகம் இருக்கிறதே என்று உரியவருக்கே புலப்படும். அதன் பிறகு அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் என் பதில் தயக்கமில்லாதது: காகிதத்தில். என் தொழில் அது என்பதால் எனக்குச் சாய்வு உண்டு, தெரிந்தேதான் சொல்கிறேன். காரணம் எளிது. ஒரே கலைஞரின் கேன்வாஸ் ஓவியம் எட்டாத விலையில் இருக்கும்போது அவர் கோட்டோவியமோ அச்சோவியமோ எட்டும் விலையில் இருக்கும். கோட்டோவியத்தில் கலைஞரின் யோசனை மறைவின்றித் தெரியும், அழித்து மறுபடி போட்ட கோடு உட்பட. சிறிய வீட்டிலும் அலமாரியிலும் அடங்கும். ஆனால் அச்சோவியம் வாங்கும் முன் ஒரு வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

அச்சோவியம் என்றால் கலைஞர் அச்சுக்காகவே உருவாக்கிய படைப்பு. மரப்பலகையைச் செதுக்கியோ, செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்தோ, கல்லின் மேல் கொழுப்பு மசியால் வரைந்தோ, பட்டுத்திரை வழியாக மை தள்ளியோ எடுப்பது. ஒவ்வொரு தாளும் அசல்தான், அதற்கு முந்தைய ‘மூல ஓவியம்’ என்று தனியாக ஒன்று கிடையாது. மறுபதிப்பு என்பது வேறு: இருக்கும் ஓவியத்தைப் படம் பிடித்து ஆஃப்செட்டிலோ இன்க்ஜெட்டிலோ அச்சடிப்பது. ‘ஜிக்லே’ என்ற பிரெஞ்சுப் பெயரோடு விற்கப்படுவது பெரும்பாலும் தரமான இன்க்ஜெட் மறுபதிப்புதான். சுவருக்கு அழகாக இருக்கலாம், வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. அதன் மேல் ‘லிமிடெட் எடிஷன்’ என்று எழுதி, எண் போட்டு, கையெழுத்தும் வாங்கி, அசல் அச்சோவியத்தின் விலைக்கு விற்கும்போதுதான் பிரச்சினை. கணினியிலேயே உருவாக்கி இன்க்ஜெட்டில் எடுக்கும் இன்றைய கலைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுவே அசல். ஆகவே கருவியை வைத்து முடிவு கட்டாமல், இதற்கு முன் வேறு மூலம் உண்டா என்று கேளுங்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், சேகரிப்பாளருக்கு முதல் முதலீடு அதுதான். வண்ண ஆஃப்செட் மறுபதிப்பின் மேல் வைத்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னப் பூக்களைப் போல ஒழுங்கான வரிசையில் தெரியும். அசல் கல்லச்சில் அந்த ஒழுங்கு இருக்காது, கல்லின் மணல் போன்ற சீரற்ற பொடி தெரியும். செப்புத்தகட்டு எட்சிங் என்றால் தாளைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் நான்கு பக்கமும் ஓடும், கோடுகளின் மை தாளுக்கு மேல் மிக லேசாக மேடிட்டிருக்கும். மர அச்சில் பின்பக்கம் தேய்த்த தடமோ, மை ஊடுருவிய தடமோ இருக்கலாம். இவை உறுதியான தடயங்கள், ஆனாலும் முழுத் தீர்ப்பு இல்லை. போலியாகத் தகட்டுப் பள்ளம் அழுத்தப்பட்ட மறுபதிப்புகளும் உண்டு. சந்தேகம் வந்தால் சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பென்சிலில் 12/50 என்று எழுதியிருந்தால் ஐம்பது தாள்கள் கொண்ட பதிப்பில் இது பன்னிரண்டாவது எண் என்று பொருள். முதல் எண் உயர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, பெரும்பாலும் அதற்கு அடிப்படை இல்லை. தாள்கள் காய்ந்த பிறகு அடுக்கிவைத்து எண் போடுவதால் அச்சிட்ட வரிசையும் எண் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ‘ஏ.பி.’ என்றிருப்பது கலைஞர் தனக்கென எடுத்துக்கொள்ளும் படிகள், வழக்கமாகப் பதிப்பில் பத்து சதவீதம் அளவு. பென்சில் கையெழுத்து என்ற பழக்கமே 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவியது, அதனால் அதற்கு முந்தைய அச்சில் கையெழுத்து இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. கையெழுத்து மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி வெற்றுத்தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார். 1974-ல் அப்படிப்பட்ட தாள்கள் ஏற்றிய வண்டியை பிரெஞ்சுச் சுங்கத்தினர் எல்லையில் பிடித்தார்கள். அவர் பெயரிலான பிற்கால அச்சுகளை இன்றைக்கும் விவரமறிந்தவர்கள் தயங்கித் தயங்கித்தான் தொடுவார்கள்.

எப்போது அச்சிட்டது என்பது இதைவிட முக்கியம். ஸ்பானிய ஓவியர் கோயாவின் ‘காப்ரிச்சோஸ்’ வரிசையில் 80 தகடுகள். 1799-ல் முதல் பதிப்பு வந்தது. அதே தகடுகளிலிருந்து அவர் இறந்து நூறு வருடங்கள் தாண்டியும், 1937 வரை, பதிப்புகள் எடுத்தார்கள். அக்வாடின்ட் என்ற முறையில் இருளும் நிழலும் தகட்டின் மேலுள்ள நுண்ணிய பொடிப்பொடியான அரிப்பில் நிற்கும். ஒவ்வொரு முறை அச்சுக்கூடத்தில் அழுத்தும்போதும் அது தேயும். முதல் பதிப்பில் வெல்வெட் மாதிரி ஆழமாக இருந்த இரவு, கடைசிப் பதிப்புகளில் வெளிறிய சாம்பலாகிவிட்டது. படம் அதே, தகடும் அதே, ஆனால் கோயா பார்த்த இருட்டு அதில் இல்லை. விலையும் அதற்கேற்றாற்போல் பல மடங்கு வித்தியாசப்படும். விற்பவர் கோயா என்று மட்டும் சொன்னால் அது பொய்யல்ல, பாதி உண்மை. எந்தப் பதிப்பு, யார் அச்சிட்டது, எந்தக் காகிதம் என்று கேட்பது உங்கள் வேலை. புகைப்படக் கலையிலும் இதே கேள்விதான்: எடுத்த காலத்திலேயே கலைஞர் போட்ட பிரதியா, பிற்பாடு போட்டதா?

எங்கே வாங்குவது? கலைக் கல்லூரிகளின் ஆண்டு இறுதிக் கண்காட்சி, கலைஞர்கள் பட்டறையைத் திறந்து வைக்கும் நாட்கள், அச்சோவியக் கூடங்கள், இளம் கலைஞர்களைக் காட்டும் சிறிய கேலரிகள் என்ற இந்த வரிசையில் போய்ப் பாருங்கள். வாழும் கலைஞரிடமிருந்தோ அவர் கேலரியிடமிருந்தோ வாங்கினால் போலி என்ற பயம் ஏறக்குறைய இல்லை. புதியவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. கேலரிக்குள் தயங்காமல் நுழையுங்கள், பார்க்க வருபவர்களுக்காகத்தான் அது திறந்திருக்கிறது. விலை எழுதியிருக்காவிட்டால் விலைப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள், அது கௌரவக் குறைவு இல்லை. நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன், என்னால் இவ்வளவுதான் முடியும் என்று வெளிப்படையாகச் சொன்னால் நல்ல கேலரிக்காரர் உள்ளறையிலிருந்து சிறிய படைப்புகளை எடுத்துக் காட்டுவார். தவணையில் கொடுக்கலாமா என்று கேட்கலாம், பலர் ஒப்புக்கொள்வார்கள். கேலரி மூலம் அறிமுகமான கலைஞரைத் தனியே பிடித்து விலையைக் குறைக்கப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். விற்கும் விலையில் பாதி அளவு கேலரிக்குப் போவது வழக்கம்தான், ஆனால் வாடகை, கண்காட்சி, பட்டியல் என்று அந்தக் கலைஞரைத் தாங்குவதும் அந்தப் பாதிதான்.

ஏலத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். முதலில் பார்வையாளராக உட்காருங்கள். ஏலத்தில் முடிந்த விலையோடு ‘வாங்குவோர் கட்டணம்’ என்று ஒன்று சேரும். லண்டனின் இரண்டு பெரிய ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சதபீஸும் 1975-ல் கொண்டுவந்த பழக்கம் இது, இன்று பெரிய ஏலங்களில் 20 சதவீதத்துக்கு மேல் போவது சாதாரணம். வரி, அனுப்பும் செலவு தனி. ஆகவே உச்ச வரம்பைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். படைப்பின் நிலை பற்றிய அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் நேரில் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால் முன்பக்கப் படம் மட்டும் போதாது. பின்பக்கம், நான்கு மூலைகள், கையெழுத்தின் அண்மைப் படம், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுத்த படம் இவ்வளவும் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மடிப்பு, சுருக்கம், ஒட்டு எல்லாம் மலைத்தொடர் போலத் துல்லியமாக எழுந்து நிற்கும்.

காகிதங்களை விடாதீர்கள். ரசீதில் கலைஞர் பெயர், தலைப்பு, வருடம், ஊடகம், அளவு, பதிப்பு எண், விற்றவர் பெயர், தேதி இருக்க வேண்டும். அசல் என்பதற்கான சான்றிதழ் என்று ஒன்றைத் தருவார்கள். அதில் கையெழுத்திட்டவர் யாரோ, அவருக்கு அந்தக் கலைஞர் விஷயத்தில் என்ன தகுதியோ அதுதான் அதன் மதிப்பு, தங்க முலாம் பூசிய முத்திரைக்கு எந்த மதிப்பும் இல்லை. வாழும் கலைஞர் தன் கையால் எழுதித் தரும் இரண்டு வரி பல அச்சிட்ட சான்றிதழ்களுக்குச் சமம். மறைந்த, பெரிய பெயர்களிடம் போகும்போது கைமாறிய வரலாறுதான் எல்லாம். நியூயார்க்கில் 1846-ல் தொடங்கிய நோட்லர் கேலரி 2011-ல் மூடப்பட்டது. ராத்கோ, பொல்லாக், மதர்வெல் போன்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர்களின் பெயரில் பல வருடங்களாக அது விற்ற படைப்புகள் போலி என்று பிறகு வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை பெயர் சொல்லாத ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்ததாகக் கதை. ஒன்றில் பொல்லாக்கின் பெயரிலேயே எழுத்துப்பிழை. வாங்கியவர்கள் பணமும் படிப்பும் உள்ளவர்கள், ஆலோசகர்களும் இருந்தார்கள். அவர்களே ஏமாந்த இடத்தில் புதியவர் நிற்கவே வேண்டாம். பெரிய பெயர், குறைந்த விலை, பெயர் சொல்ல முடியாத ஒரு குடும்பத்திடமிருந்து வந்தது என்ற கதை, இன்றே முடிவு சொல்லுங்கள் என்ற அவசரம் இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே நகர்ந்துவிடுங்கள்.

தொல்பொருள் பற்றி நான் சொன்ன எச்சரிக்கை இதுதான். பழங்காலச் சிலை, கோயில் அல்லது கல்லறைப் பொருள், ஓலைச்சுவடி போன்றவற்றைப் புதியவர் வாங்கவே கூடாது என்பேன். கலாசாரச் சொத்துகளின் சட்டவிரோதப் பரிமாற்றத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. அதற்குப் பிறகு எந்த நாட்டிலிருந்து, எப்போது, எந்த அனுமதியோடு வெளியே வந்தது என்பதற்கு ஆவணம் இல்லாத பொருள் சட்டச் சிக்கல் மட்டுமில்லை, பெரும்பாலும் யாரிடமிருந்தோ பறிக்கப்பட்டது. இன்டர்போலின் ‘ஐடி-ஆர்ட்’ என்ற இலவசச் செயலி 2021-லிருந்து இருக்கிறது. திருட்டுப் போன கலைப்பொருள்களின் பட்டியலை அதில் யாரும் தேடலாம். அதில் இல்லை என்பதாலேயே சுத்தமான பொருள் ஆகிவிடாது, பதிவாகாத திருட்டுகளே அதிகம்.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை, உறுதியாகச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். சொல்லக்கூடியது இவ்வளவு: செய்தியில் வரும் ஏல விலைகள் மிகச் சில பெயர்களுடையவை. இன்று கேலரிகளில் விற்கப்படும் படைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மறுவிற்பனைச் சந்தை என்று ஒன்று உருவாவதே இல்லை. விற்க நினைத்த அன்றே வாங்க ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் தரகும் கட்டணமும் போகும். வைத்திருக்கும் காலத்தில் படச்சட்டம், பராமரிப்பு, காப்பீடு என்று செலவு ஓடிக்கொண்டேயிருக்கும். வோகல் தம்பதி லாபத்துக்காக வாங்கி விற்றவர்கள் இல்லை. நாளைக்கே விலை பூஜ்யமானாலும் இதை வீட்டில் வைத்திருப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். பதில் ‘ஆம்’ என்றால் வாங்குங்கள். திரும்ப வர வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள்.

வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, என் மேசைக்கு வரும் துயரமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. முதல் எதிரி வெளிச்சம். அது செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், ஒருபோதும் திரும்பாது. வான் கோ 1888-ல் வரைந்த படுக்கையறை ஓவியத்தை எல்லோரும் நீலச் சுவர்களோடு நினைவில் வைத்திருக்கிறோம். அவர் கடிதத்தில் அந்தச் சுவர்களை வெளிர் ஊதா என்று எழுதியிருக்கிறார். நீலத்தோடு கலந்த சிவப்பு வெளிச்சத்தில் மங்கிப்போக, நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. தைல வண்ணத்துக்கே இப்படி என்றால் நீர்வண்ணமும் வண்ணக் காகிதமும் எவ்வளவு தாங்கும்? அருங்காட்சியகங்களில் காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைப்பார்கள், அங்கே இருட்டாக இருப்பதன் காரணம் அதுதான். வீட்டில் அவ்வளவு கண்டிப்பு முடியாது. சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிருங்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மாட்டியதை இறக்கி வேறொன்றை மாட்டுங்கள். இறக்கியது இருட்டில் ஓய்வெடுக்கட்டும்.

இரண்டாவது எதிரி மோசமான படச்சட்டம். ஒரு படைப்பைக் கழற்றியதும் பெரும்பாலும் நான் பார்ப்பது இதுதான்: சன்னல் போல் வெட்டிய அட்டையின் விளிம்பு பட்ட இடத்தில் தாளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு கோடு, பின்னால் மரக்கூழ் அட்டை, அதன் அமிலம் ஏறி மொறமொறப்பான தாள், மேல் விளிம்பில் செல்லோ டேப் ஒட்டி மஞ்சளித்த கறை. டேப்பின் பசை தாளின் இழைக்குள் இறங்கிவிட்டால் முழுதாக எடுக்க முடிவதில்லை. சட்டம் போடுபவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். அட்டை எல்லாம் அமிலமற்றதாக, முடிந்தால் பருத்தி இழையில் செய்ததாக இருக்க வேண்டும். தாளை முழுதாக ஒட்டக் கூடாது, மேல்புறம் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டால், கோதுமை ஸ்டார்ச் பசையில் தொங்கவிட வேண்டும். கண்ணாடி படைப்பைத் தொடக் கூடாது. தாளின் ஓரத்தை வெட்டிச் சட்டத்துக்குள் அடக்கலாமா என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வெட்டிய விளிம்போடு பதிப்பு எண்ணும் தகட்டுத் தடமும் போனதைப் பார்த்திருக்கிறேன். நல்ல சட்டத்தின் செலவு சில சமயம் சிறிய அச்சோவியத்தின் விலையையே தொடும். அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், இல்லையென்றால் அமிலமற்ற உறையில் போட்டுத் தட்டையான பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு சட்டம் போடுங்கள்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, பெரிதாக ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும். சமையலறை, குளியலறைச் சுவர், மழை படும் வெளிச்சுவரின் உட்புறம் வேண்டாம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போகும்படி பின்பக்க மூலைகளில் சிறு ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். கேன்வாஸ் ஓவியத்தில் தூசி என்றால் மென்மையான உலர்ந்த தூரிகையால் மெல்லத் தட்டுங்கள், வண்ணம் உரிந்திருந்தால் அதுவும் வேண்டாம். ஈரத்துணி, உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதையும் செய்யாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது: ஓவியத்தை வாங்கினால் அந்தப் பொருள்தான் உங்களுடையது, பதிப்புரிமை பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும். அதை அட்டைப்படமாகவோ சட்டையிலோ அச்சடிக்க அவர் அனுமதி வேண்டும். விவரம் நாட்டுக்கு நாடு மாறும்.

முதல் படைப்பு வந்த அன்றே பதிவேட்டையும் தொடங்குங்கள். பின்பக்கம் உட்படப் படங்கள், அளவு, நிலை, ரசீதின் நகல், கலைஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, ஏன் வாங்கினீர்கள் என்று இரண்டு வரி. திருட்டுப் போனால் தேடுவதற்காக 1997-ல் உருவான ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற சர்வதேச விவரப் படிவம் இருக்கிறது, அதன் கேள்விகளுக்கு விடை எழுதி வைத்தாலே போதுமானது. நகலை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். காப்பீட்டுக்கும் இதைத்தான் கேட்பார்கள்.

நடைமுறையில் உங்களுக்கு நான் சொல்வது இது. ஆறு மாதம் பாருங்கள். அதற்குள் மனதை விட்டு அகலாத பெயர்கள் மூன்று நான்கு சேர்ந்திருக்கும். அதில் உயிரோடிருக்கும் ஒருவரின் சிறிய கோட்டோவியம் அல்லது அச்சோவியம், அவரிடமிருந்தோ அவர் கேலரியிடமிருந்தோ, ரசீதோடு வாங்குங்கள். வாங்கும் முன் அவர் செய்த மற்ற வேலைகளையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கண் கற்றுக்கொள்வது தனியாக நிற்கும் ஒன்றை வாங்கும்போது கிடைப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்ததற்கு அவசரப்படாமல், அதைத் தினமும் கடந்துபோகும் இடத்தில் சில மாதம் வைத்துப் பாருங்கள். இரண்டாவது வாங்கப் போகும்போது நீங்கள் கேட்கும் கேள்விகளே மாறியிருக்கும்.